தர்மப் பணம் எங்கே?

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், பழனிக்கென்று ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு, காணிக்கையே செலுத்திவிட்டதுபோல் மனம் தேறுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். காசு பரணிலேயே இருக்கும். திருப்தி மட்டும் அன்றைக்கே வந்துவிடும். இதைப் பாமரர்களின் மூடநம்பிக்கை என்று சிரிக்கிற படித்தவர்கள், அமெரிக்கப் பணக்காரர்கள் சட்டப்படியே செய்துவரும் ஒரு காரியத்தைச் சற்றுக் கவனிக்கக் கோருகிறோம்.

அங்கே அதற்கு "டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்" என்று பெயர். அதாவது, கொடுத்தவரின் ஆலோசனைப்படி நடக்கும் நிதி. 1931-ல் நியூயார்க்கில் தோன்றிய இவ்வேற்பாடு, 1991-ல் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டுக் கம்பெனி இதற்கென்றே ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்திய பின்புதான் வெகுவாகப் பெருகிற்று. பணக்காரர் தம் பணத்தையோ பங்குகளையோ இப்படிப்பட்ட ஸ்தாபனத்தில் ஒரு கணக்கில் போடுகிறார். போட்ட வருஷமே, தர்மம் செய்தவர் என்று வருமான வரியில் கழிவு. 1,000 டாலருக்கு வாங்கி நெடுநாள் வைத்திருந்த பங்கு 10,000 டாலராக ஏறியிருந்தால், பங்காகவே போடலாம். வரம்புக்குட்பட்டு 10,000-க்கும் கழிவு உண்டு; ஏறிய 9,000-க்கோ வரியே இல்லை. நம் வைதீகர்கள் புண்ணியத்தை மறு உலகத்தில்தான் தருவதாகச் சொல்லுகிறார்கள். இங்கே அது வருஷ முடிவுக்குள் கைக்கு வந்துவிடுகிறது!

நிற்க, ஏழைக்கு எப்போது கிடைக்கும்? பணக்காரர் "ஆலோசனை" சொல்லும்போது. சட்டப்படி பணம் இனி அவருடையதல்ல. ஆனாலும் ஸ்தாபனம் அவர் சொல்லைத் தட்டுவது அபூர்வம். இத்தனை வருஷத்துக்குள் கொடுத்துத் தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவர் இறந்தால் ஆலோசனை சொல்லும் உரிமை பிள்ளைக்குப் போகலாம். (ஆலோசனைக்குக்கூட வாரிசு!) அதுவரை பணம் முதலீட்டில் இருக்கும், அதை நிர்வகிப்பவர்களுக்குக் கட்டணமும் கிடைத்துக்கொண்டிருக்கும்.

தனியார் அறக்கட்டளைகளோ, 1969-ஆம் வருஷச் சட்டம் முதலாக ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலவிட்டாக வேண்டும். இன்று அது சுமார் 5 சதவிகிதம். ஆனால் அந்தப் பங்கை இந்த நிதியில் கொண்டுபோய்ப் போட்டாலும் செலவிட்டதாகவே கணக்கு!

2023 முடிவில் இந்நிதிகளில் இருந்த தொகை 25,000 கோடி டாலருக்கு மேல். அவ்வருஷம் 5,000 கோடிக்கு மேல் வெளியே போயிற்றே என்பார்கள். போயிற்று, நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிதியிலிருந்து மற்றொரு நிதிக்கு மாறிய பணமும் அதில் அடக்கம். மேலும், ஒருவர் தாராளமாகக் கொடுப்பதைக் காட்டி, காசும் கொடாமல் தூங்குகிற மற்றொருவர் கணக்கையும் யோக்கியமாக்கிவிடலாமா? வரியில் விட்டுக்கொடுத்தது பொதுஜனங்களின் பணமல்லவா? கூலிக்காரனுக்கு இப்படித் தவணையில்லாத சலுகை எந்த சர்க்கார் கொடுத்தது?

2021-ல் கிங், கிராஸ்லி என்னும் இரு செனட்டர்கள் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். கழிவு முன்னதாக வேண்டுமானால் 15 வருஷத்துக்குள் பணத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாய்க்கு வந்துவிடும் காலம் அது. அதுகூடக் கண்டிப்பென்று தர்ம ஸ்தாபனக்காரர்களே எதிர்த்தார்கள். மசோதா நிறைவேறவில்லை.