மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

கடந்த தவணையில் ஒரு நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு எனது கைத்தொலைபேசி சத்தமிட்டது. நாளை காலை 8 மணிக்கு முன் மாணவர் விபரம் அனுப்ப வேண்டுமாம், மிக அவசரமாம். அதே விபரத்தை அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு படிவங்களில் நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். இருந்தும் எழுந்து விளக்கைப் போட்டேன். பழைய கொப்பிகளைக் கிளறிப் பதினொன்றரைக்கு அனுப்பி முடித்தேன். இரண்டு கிழமை கழித்து அதே விபரம் மீண்டும் கேட்கப்பட்டது. அப்போதுதான், முன்னர் அனுப்பியதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது விளங்கியது.

இதுவும் ஒரு துயரமா என்று நீங்கள் கேட்கலாம். 1990இல் கீரிமலையை விட்டு எங்கள் குடும்பம் ஓடியபோது எனக்குப் பத்து வயது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இழப்புகளுக்கு முன்னால் ஒரு தொலைபேசிச் செய்தி எம்மாத்திரம்? உண்மைதான். ஆனால் பெரிய துயரங்களையே அளவுகோலாக வைத்துச் சிறிய அநியாயங்களுக்கெல்லாம் தலையாட்டிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஈழத்துத் தமிழ் இலக்கியத்தில் பெரும் பங்கை எழுதியவர்கள் ஆசிரியர்கள். எங்கள் வலிகாமம் வடக்கில் குரும்பசிட்டி கனக செந்திநாதன் ஆசிரியர். கிழக்கில் மருதூர்க்கொத்தன் ஆசிரியர். இவர்களைப் போன்றவர்கள் எப்போது எழுதினார்கள்? பாடசாலை விட்ட பிறகுதான். சோற்றை உண்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, மாலையில் வாசிகசாலைக்குப் போய், நாலு பேருடன் வாதிட்டு, இரவில் அரிக்கன் லாம்புக்கு முன்னால் குந்தினார்கள். சம்பளம் அன்றும் சொற்பம்தான். ஆனால் மாலைப்பொழுது அவர்களுடையதாக இருந்தது. நாடகம் பழக்கியதும் கையெழுத்துச் சஞ்சிகை நடத்தியதும் அந்த மாலையில்தான். இன்று அந்த மாலை எங்கள் கையில் இல்லை. இளம் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள் இல்லை என்று விமர்சகர்கள் மேடைகளில் விசனப்படுகிறார்கள். அவர்களுடைய தொலைபேசியை ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். அதிபர் குழு, பாடக் குழு, கோட்டக் குழு, பெற்றார் குழு, விளையாட்டுப் போட்டிக் குழு. இத்தனை குழுக்களுக்கும் பதில் போட்டு முடித்தவன் கவிதைக்கு உட்காருவானா, படுக்கைக்குப் போவானா?

இது எப்படி வந்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பிள்ளைகளைக் கைவிடக் கூடாது என்று ஆசிரியர்கள் வட்ஸ்அப்பையும் ஸூமையும் கையில் எடுத்தார்கள். அது நல்ல காரியம்தான். தொலைபேசி எங்களுடையது, டேட்டாவுக்குக் கொடுத்த காசும் எங்களுடையது. ஊவாவில் போஹிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியரும் மாணவர்களும் சிக்னல் தேடிக் காட்டுவழியே போய்ப் பாறை ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அர்ப்பணிப்பு என்று பாராட்டினோம். அந்தப் பாறையில் ஏற வைத்தது யார் என்று கேட்கவில்லை.

2021 ஜூலை 12இல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. 1997இலிருந்து தீராத சம்பள முரண்பாடு முக்கிய கோரிக்கை. ஒக்டோபர் 25 வரை அந்தப் போராட்டம் நீடித்தது. கற்பித்தல் முழுவதும் எங்கள் சொந்தத் தொலைபேசியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பின்னர் சம்பளத்தில் ஒரு பகுதி திருத்தப்பட்டது. ஆனால் எங்கள் நேரத்தைப் பற்றிய கோரிக்கை முன்வரிசைக்கு வரவேயில்லை. தொற்றுப் போய்விட்டது, தொற்றுக்காலத்துப் பழக்கம் போகவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோது அது இன்னும் ஆழமாக வேர்விட்டது.

இப்போது எங்களுக்கு உளநலக் கருத்தரங்கு வைக்கிறார்கள். அதுவும் ஒரு சனிக்கிழமையில். நான் போன ஒரு கருத்தரங்கில் வளவாளர் எங்களைக் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார். இழுத்துக்கொண்டிருக்கையில் மண்டபம் முழுவதும் தொலைபேசிகள் சிணுங்கின. கருத்தரங்கில் இருக்கும் படத்தை உடனே குழுவில் போடும்படி உத்தரவு! எல்லோரும் கண்ணைத் திறந்து படம் எடுத்தோம். இந்தக் கேலிக்கூத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட ஒருவருக்கும் திராணியிருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனது நோய்ப் பகுப்பில் தொழிற் சோர்வைச் சேர்த்துக்கொண்டபோது அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீர்க்கப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. களைப்பு, வேலையில் வெறுப்பு, திறமை குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். காரணம் வேலையிடத்தில் இருக்கும்போது மருந்தை மட்டும் ஆசிரியரின் மூச்சுக்குழாயில் தேடுவது என்ன நியாயம்? தியானம் நல்லதுதான். ஆனால் இரவு பத்து மணிக்கு உத்தரவு அனுப்புகிற கைக்கு அது மருந்தாகாது.

“ஆசிரியம் புனிதமான தொழில், அதற்கு மணிக்கணக்குப் பார்க்கலாமா?” என்பார்கள். கடையில் நிற்கும் பையனுக்குக்கூட 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்திருக்கிறது. புனிதம் என்ற சொல்லைச் சொல்லி எங்களை அந்த வரையறைக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இது எங்களோடு நிற்கிற விடயமுமல்ல. 2025 ஜனவரியில் இந்தியாவின் எல் அன்ட் டி நிறுவனத் தலைவர் எஸ். என். சுப்பிரமணியன், வாரத்துக்கு 90 மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் பேசியது வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அவருடைய மொழி வணிகத்தின் மொழி, எங்களிடம் பேசப்படுவது சேவையின் மொழி. கேட்பது மட்டும் ஒன்றுதான்.

வேறு நாடுகள் விழித்துக்கொண்டன. பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்து, ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பை அறுத்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியரோடு பேசித் தீர்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்ட் 26இலிருந்து, நியாயமற்ற முறையில் மறுத்தாலன்றி, வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்குப் பதிலளிக்காமல் இருக்கலாம். எங்கள் சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் மேசையில் வைக்க வேண்டும்.

ஆனால் அதிகாரிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் தப்பிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு பெற்றார் குழு நடத்துகிறேன். வீட்டுவேலையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு மாணவனின் தாய் பாடசாலை வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சேர், கோவிக்காதேங்கோ. இவர் இரவு ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவர். வீட்டில ஒரு போன்தான். அது சத்தம் போட்டா அவற்றை நித்திரை குழம்புது. நிப்பாட்டி வைச்சா நீங்கள் பிள்ளையைப் பேசுவியள்.”

நான் வெட்கத்தால் குறுகிப்போனேன். எனக்கு மேலிருந்து வந்ததை அப்படியே கீழே தள்ளிவிட்டிருக்கிறேன். நித்திரை குழம்பிக் கடலுக்குப் போகும் மனிதனுக்கு எந்தக் கருத்தரங்கு வைப்பது?

ஆகவே என் கோரிக்கைகள் இவைதான். மாலை ஆறு மணிக்குப் பின் உயிராபத்தல்லாத எந்த உத்தரவும் தொலைபேசியில் வரக் கூடாது. ஒருமுறை கொடுத்த விபரத்தை மறுமுறை கேட்பவர் அதற்குக் காரணம் எழுத வேண்டும். கற்பித்ததற்கு ஆதாரம் மாணவனின் கொப்பி, குழுவில் போடும் படம் அல்ல. தொலைபேசியில்தான் வேலை என்றால் அந்தத் தொலைபேசிக்கும் டேட்டாவுக்கும் வேலை வாங்குபவர் செலவழிக்கட்டும்.

இவை கிடைக்கும்வரை கைகட்டி நிற்கவும் நான் தயாரில்லை. எனது பெற்றார் குழுவில் இப்போது மாலைச் செய்தி கிடையாது. பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புகிறேன், தாய் அதில் கையொப்பமிட்டு அனுப்புகிறார். ஆறு மணிக்கு எனது தொலைபேசியை அணைத்து அலுமாரிக்குள் வைக்கிறேன். முதல் கிழமை விளக்கம் கேட்டார்கள். பாடசாலை நேரத்தில், எழுத்தில் பதில் கொடுத்தேன். இந்தக் கட்டுரை அப்படிக் கிடைத்த நாலு மாலைகளில் எழுதப்பட்டது. நண்பர்களே, உங்களிடமும் அலுமாரி இருக்கும்.