மழையில் நிற்காத டயர் எதற்கு?

பெர்ஃபார்மன்ஸ் டயர் வேண்டும் என்று கடைக்கு வருபவர்களில் பலர் பார்ப்பது அகலத்தை, அலாய் வீலின் அளவை, பிறகு வேகக் குறியீட்டை. நனைந்த சாலையில் பிரேக்கை மிதித்தால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. நம் ஊரில் கூடுதல் பணம் கொடுத்து டயர் வாங்க ஒரே நல்ல காரணம் இந்தப் பதில்தான் என்பது என் வாதம்.

வேகக் குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். ‘ஹெச்’ என்றால் மணிக்கு 210 கி.மீ., ‘வி’ என்றால் 240. விரைவுச் சாலைகளில் கார்களுக்கு 120 கி.மீ. வரை அனுமதித்த 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பையே சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. கார் நிறுவனம் சொன்ன குறியீட்டுக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். அகலம் இதைவிடப் பெரிய மயக்கம். டயர் தரையைத் தொடும் பரப்பை வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அகலத்தைக் கூட்டினால் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, நெடுக்கே சுருங்கும். உலர்ந்த சாலை வளைவில் இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீரில் அகல டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். 185/65 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே உயரமுள்ள 195/55 ஆர்16 மாட்டினால் பக்கச்சுவர் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச்சுவர்தான்.

டயரின் உண்மையான திறமை ரப்பர் கலவையிலும் நீரை வெளியேற்றும் பள்ளங்களிலும் இருக்கிறது. 1990-களில் மிஷெலின் முன்னெடுத்த சிலிக்கா கலவை, எரிபொருளை அதிகம் தின்னாமலேயே ஈரப்பிடிப்பைக் கூட்ட முடியும் என்று காட்டியது. அளவு ஒன்றாக இருந்தாலும் டயருக்கு டயர் எவ்வளவு வேறுபடும் என்பதை ஐரோப்பாவில் 2012 முதல் கட்டாயமாக்கப்பட்ட லேபிள் வெளிச்சமாக்கியது. அது வந்த காலத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, 80 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் அடித்தால் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம் அது.

நல்ல பிடிப்புள்ள டயர் சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்பார்கள். பந்தயத்தை ஒட்டிய மென்மையான ரகங்களுக்கு அது பொருந்தும். அவற்றை நான் பரிந்துரைக்கவில்லை. ஈரப்பிடிப்பில் தேறிய டூரிங் ரகங்கள் போதும். வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் காரில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் முதுமையடைந்து இறுகிவிடும், ஆகவே தேய்மானக் கவலையே அங்கே வீண். அதிகம் ஓடும் வண்டிக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சட்டம் 1.6 மி.மீ. ஆழம் வரை அனுமதித்தாலும், 3 மி.மீ.க்குக் கீழே இறங்கியதுமே மழையில் பிடிப்பு வெகுவாகக் குறையும். எண்பதில் போகிற வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. சர்வீஸ் சாலையிலிருந்து திடீரென ஏறும் பைக்கும், மீடியனைத் தாண்டி வரும் மாடும் குறுக்கிடுவது அந்த எண்பதில்தான். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்.

2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரப்பிடிப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைக் கொண்டுவந்தது. அது பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லும். தேறிய இரண்டு டயர்களில் எது மேல் என்று வாங்குபவருக்குச் சொல்லாது. அப்போலோவும் சியட்டும் ஐரோப்பாவில் அந்த லேபிளின் தரவரிசையை ஒட்டித்தான் கார் டயர் விற்கின்றன. இங்கே விற்கும் ஒவ்வொரு டயரிலும் அதே போன்ற வரிசையை ஒட்டும்படி அமைச்சகம் ஆணையிட வேண்டும்.