வெட்டலாம், மறைக்கலாமா?

பறவையைப் படம் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாதி வேலை அதன் பிறகுதான். சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்க வேண்டும். ஓரத்தில் நீட்டும் குச்சியை வெட்ட வேண்டும். நிழலில் மறைந்த கண்ணைச் சற்று வெளிச்சமாக்க வேண்டும். கண் தெரியாத பறவைப் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் உயிரற்றதே.

இக்குறைகள் எடுத்தவளின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. தோழியர்தாம் சொல்ல வேண்டும். "நன்று, நன்று" என்பதால் பயன் ஏது? காட்டுயிர்ப் படங்களால் புகழ்பெற்ற டி. என். ஏ. பெருமாளும் (1932–2017) பெங்களூரில் ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் கற்றவரே. பின்னர் தாமும் பல இளைஞருக்கு வழிகாட்டினார்.

ஆனால் தோழியர் சொல்வதையெல்லாம் கேட்கலாமா? பாலாற்றில் எடுத்த கொக்குப் படத்தைப் பார்த்து, "பின்னால் தெரியும் நுரையைக் கைப்பேசியிலேயே அழித்துவிடுங்கள்" என்றனர் சிலர். இதை நாங்கள் ஏற்கவில்லை. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியிலும் ஓரத்தை வெட்டலாம், ஒளியைத் திருத்தலாம். காட்சியில் இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. அப்படியானால் நுரை வரும் ஓரத்தை வெட்டிவிட்டால்? விதி மீறப்படாதுதான். ஆயினும் குச்சி வேறு, நுரை வேறு. அந்த நுரைக்குள்தான் கொக்கு இரை தேடுகிறது.

தோல் தொழில்தான் எங்களில் பலரது வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அதைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுநீரைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-லும், மீண்டும் 2025-லும் தீர்ப்புக் கூறிவிட்டது. ஊரறிந்ததைப் படத்தில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? கொக்கின் கண்ணை வெளிச்சமாக்கினோம், நுரையைத் தொடவில்லை.