இரண்டு நோய், ஒரே ஆள்

2020 மார்ச் மாதக் கடைசி. நாடு முழுக்க ஊரடங்கு. கேரளத்தில் அரசு நடத்தும் பெவ்கோ மதுக்கடைகளும் மூடிவிட்டன. குடிக்கக் கிடைக்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாக அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. மார்ச் 30 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அரசாணை வெளியானது. குடி நின்றுபோனதால் அவதிப்படுகிறவர் டாக்டரிடம் சீட்டு வாங்கிவந்தால், கலால் துறை வழியாக அவருக்கு மது கொடுக்கலாம் என்றது அந்த ஆணை. அரசு டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். ஏப்ரல் 1 அன்று கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்த்தார்கள். மறுநாளே கேரள உயர் நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

டாக்டர்களின் கோபம் முழுக்க நியாயம். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்து வேறு சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் அடையாளம் தப்பும், உயிருக்கே ஆபத்தாகும். இத்தனைக்கும் மருந்து இருக்கிறது. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரைகளை அளவு பார்த்துக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போட வேண்டும். அதை மறந்தால் மூளை பாதிக்கப்பட்டு நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். எந்தப் பாடப்புத்தகமும் இதற்கு மதுவை மருந்தாகச் சொல்வதில்லை.

ஆனால் அந்த நாலைந்து நாட்கள் இன்னொன்றையும் காட்டின. இந்த மருந்துகளைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிற டாக்டரும், ராத்திரி முழுக்கப் பக்கத்திலிருந்து கவனிக்கத் தெரிந்த நர்ஸும், நடுக்கம் அடங்கிய பிறகு உட்கார்ந்து பேசத் தெரிந்த கவுன்சலரும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருந்திருந்தால், குடிக்குச் சீட்டு எழுதலாமா என்ற யோசனையே ஓர் அரசாங்கத்துக்கு வந்திருக்காது. கட்டில் இருந்தது, மருந்து இருந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள்தான் போதவில்லை.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. நடுக்கம் நின்ற பிறகு என்ன?

பத்து நாள் வார்டில் இருந்து, குடி விட்டு, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போகிறவர் மூன்றாம் மாதம் மறுபடி கடை வாசலில் நிற்கிறார். மனஉறுதி இல்லை என்று வீடு சொல்கிறது, ஊர் சொல்கிறது, பல சமயம் ஆஸ்பத்திரியும் சொல்கிறது. அவருக்குள் இருபது வயதிலிருந்தே ஒரு மனச்சோர்வு இருந்ததையோ, கூட்டத்தைக் கண்டால் நெஞ்சு படபடப்பதையோ, சின்ன வயதில் நடந்த ஒன்று இன்றும் ராத்திரியில் எழுப்பிவிடுவதையோ யாரும் கேட்கவில்லை. குடி அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தாக இருந்தது. அதைப் பறித்துக்கொண்டு அதனிடத்தில் எதையும் தராமல் அனுப்பிவிட்டோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாச் சோகமும் குடிக்கு முந்தியது அல்ல. நாள்பட்ட குடியே மனச்சோர்வை உண்டாக்கும். அப்படி வந்தது, குடியை விட்ட சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். கஞ்சாவும் எம்.டி.எம்.ஏ.வும் சிலரிடம் சந்தேகத்தையும் காதில் குரல்களையும் கிளப்பிவிடும். அவர்களில் சிலருக்குப் போதை இறங்கினால் குரல்கள் நின்றுவிடும். சிலருக்கு நிற்காது, அது வேறு நோயின் தொடக்கம். எது முந்தியது, எது பிந்தியது, எது தணியும், எது தணியாது என்று பிரித்தறிவது ஒரு தொழில்திறன். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைத் திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நடத்தியவர் மனநலப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த நர்ஸ், மார்த்தாண்டத்துக்காரர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒன்றில் கவுன்சலராக ஓர் இளம்பெண். இன்னொன்றில், களியக்காவிளைப் பக்கத்து பெயின்டராக நடித்த சமூகப் பணி மாணவர். மலையாளத்தில் நடந்துகொண்டிருந்த வகுப்பு இந்த ஒரு கட்டத்தில் தமிழுக்கு மாறியது. குமரி மாவட்டத்திலிருந்து இங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேச வேண்டுமே.

“எப்பலேர்ந்து குடிக்கீங்க அண்ணே? பிள்ளைகள ஒரு நிமிசம் நினைச்சுப் பாத்தீங்களா?” என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். எதிரில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு எல்லாக் கேள்விக்கும் ‘ம்’ மட்டும்தான்.

சிஸ்டர் நிறுத்தினார். “மக்கா, இத அவங்க வீட்டுல தினமும் கேக்காங்க. இங்கயும் அதேதான்னா அவரு எதுக்கு பஸ் ஏறி வரணும்?” பிறகு தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் தூக்கத்தைக் கேட்டார். அப்புறம் சாப்பாடு, வேலை. பிறகு மெதுவாக, “நடுவுல எப்பவாச்சும் குடிக்காம இருந்துருக்கீங்களா?” என்றார். மாலை போட்டபோது இரண்டு மாசம் இருந்தேன் என்றார் பெயின்டர். “அந்த ரெண்டு மாசம் மனசு எப்படி இருந்து?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் முழு வகுப்பும் என்று சிஸ்டர் பிறகு விளக்கினார். குடிக்காமல் இருந்த காலத்தில் மனம் தெளிந்திருந்தால் ஒரு பாதை. அப்போதும் இருட்டாகவே இருந்திருந்தால் வேறு பாதை, அவரை அன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட்டு, மேலே குடித்த வருஷங்களையும் கீழே மனசு சரியில்லாத வருஷங்களையும் குறிக்கச் சொன்னார். இரண்டு வரிசையும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

அடுத்து தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி. அந்தப் பெண் தயங்கினாள். “கேட்டா அந்த எண்ணமே வந்துறாதா சிஸ்டர்?” என்றாள். “இல்ல மக்கா. கேக்கதுனால வராது. உள்ள இருக்குன்னா, கேட்டாத்தான் சொல்லுவாங்க” என்றார் அவர். ஆய்வுகள் சொல்வதும் இதுதான். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள். கேரளத்தில் 28.5. இந்த மாநிலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறவரை எந்தக் கவுன்சலிங் அறையிலும் உட்காரவைக்கக் கூடாது.

இப்படிக் கற்றவர்கள் வேலைக்குப் போகும் இடங்கள் எப்படி இருக்கின்றன? ஒரே ஆளின் இரண்டு நோய்க்கு நம் ஆட்சி அமைப்பு இரண்டு, மூன்று வாசல் வைத்திருக்கிறது. போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவது மத்திய சமூக நீதி அமைச்சகம். மாவட்ட மனநலத் திட்டம் சுகாதாரத் துறையுடையது. கேரளத்தில் 2016 நவம்பரில் தொடங்கிய ‘விமுக்தி’ இயக்கத்தை நடத்துவது கலால் துறை. பேரூர்க்கடையில், ஊர் வாயில் ஊளம்பாறை என்று வழங்கும் மனநல மையம் 1870-இலிருந்து இருக்கிறது. குடிக்கிறவரை அங்கே கொண்டுபோக வீட்டார் கூசுகிறார்கள். போதை மையத்துக்குப் போனால், மனசுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரைச் சேர்க்கச் சில இடங்களில் யோசிக்கிறார்கள். இதற்கு இது இடமில்லை என்று இரண்டு பக்கமும் சொன்னால், மிச்சமிருப்பது பெவ்கோ கடை ஒன்றுதான்.

சட்டத்தில் இந்தப் பிரிவினை இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அங்கே சேர்ந்துதான் இருக்கிறது, நம் அறைகளில்தான் பிரிந்து கிடக்கிறது.

பிரித்துப் பார்ப்பதால் வரும் கேடுகள் வெறும் தத்துவக் கேடுகள் அல்ல. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிவிடுங்கள் என்று மாத்திரை விற்கிறார்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். முன்பே மனச்சிதைவு இருப்பவருக்கு அது நோயை முற்றவைக்கலாம். விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, மனநல வரலாறு கேட்டு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. இன்னொன்று, யாரும் அதிகம் பேசாதது. மனச்சிதைவுக்கு குளோசபின் சாப்பிடுகிறவர் தினமும் இரண்டு கட்டு பீடி பிடிப்பவர் என்றால், பீடிப் புகை அந்த மருந்தை உடலிலிருந்து வேகமாகக் கழித்துவிடும். வார்டில் பீடியை நிறுத்திவிட்டு மருந்தளவைக் குறைக்காமல் விட்டால், மருந்து உடம்பில் தேங்கி ஆபத்தாகும். பீடியை நிறுத்தும் நர்ஸும் மருந்து எழுதும் டாக்டரும் பேசிக்கொண்டாக வேண்டும்.

தேவையின் அளவு பெரிது. எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, குடியால் வரும் சிக்கலுக்கு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மனநல மருத்துவர்களை மட்டும் நம்பி இந்த இடைவெளியை நம் ஆயுளில் நிரப்ப முடியாது.

அதற்காக மனம் தளர வேண்டாம். கோவாவில் சங்காத் அமைப்பு பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தியது. மருத்துவப் படிப்போ மனநலப் படிப்போ இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை வைத்து, அளவுக்கு மீறிக் குடிக்கிற ஆண்களிடம் சில அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில், கவுன்சலிங் பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். முற்றிய அடிமைநிலைக்கு இது போதாது, அவர்களுக்கு டாக்டர் வேண்டும். ஆனால் அதே திட்டம் மனச்சோர்வுக்கும் அதே வகையான உள்ளூர் கவுன்சலர்களைக் கொண்டு பலன் காட்டியது. ஒரே ஆள் இரண்டையும் கற்றுக்கொள்ள முடியும்.

பாடத்திட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு 1973-இலிருந்து போதைத் தடுப்புப் பணியில் இருக்கிறது. போதை சிகிச்சைப் பணியாளர்களுக்காக அது பரப்பும் பாடத்தொகுப்பில், போதையோடு சேர்ந்து வரும் மனநோய்களும் உடல்நோய்களும் ஒரு தனிப்பாடம். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சையோடு பணியாளர் பயிற்சியையும் நடத்தியிருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், தூரத்து ஊர்களில் இருக்கும் டாக்டர்களோடும் கவுன்சலர்களோடும் வீடியோவில் சேர்ந்து, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றியே பேசிக் கற்பிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஒரு நாள் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ் என்று முடிகிற பயிற்சியை நம்பி ஓர் உயிரை ஒப்படைப்பது, கரையில் நின்று நீச்சல் படித்தவரைச் சங்குமுகம் கடலில் இறக்கிவிடுவது போன்றது. நேற்று வந்தவரிடம் என்ன கேட்டேன், எங்கே திணறினேன் என்று மூத்தவர் ஒருவரிடம் வாராவாரம் சொல்லிக் கேட்டால்தான் கை தேறும்.

திருவனந்தபுரத்துக்கு இது புதிதும் இல்லை. புற்றுநோய் வலியில் துடிக்கிறவர்களுக்கு மார்ஃபின் கொடுக்க நாடே பயந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2003-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். டாக்டர்களும் நர்ஸ்களும் இங்கே வந்து, வார்டிலும் நோயாளிகளின் வீட்டிலும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 2008-இல் கேரள அரசு வலி நிவாரணத்துக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. 2012-இல் இந்த நகரத்துப் பயிற்சி நிலையம் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமானது. பயிற்சியால் ஒரு மாநிலத்தின் மருத்துவ வழக்கமே மாறியதைக் கண்முன்னே பார்த்த நகரம் இது. வலிக்குச் செய்ததைப் போதைக்கும் மனசுக்கும் சேர்த்துச் செய்ய முடியும்.

கலால், சுகாதாரம், சமூக நீதி என்று மூன்று துறைகளும் ஒரே பாடத்திட்டத்தில், ஒரே அறையில் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். தற்காலிக வேலையில், குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கும் கவுன்சலர்களை நிரந்தரமாக்கட்டும். இல்லாவிட்டால் கற்றவர்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள், ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பேரூர்க்கடைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் வருகிற தமிழர்களுக்காகத் தமிழில் பேசத் தெரிந்தவர்களையும் அந்த அறையில் உட்காரவைக்கட்டும்.

அதுவரை வீட்டார் காத்திருக்க முடியாது. மனநல உதவிக்கு 14416, கேரளத்தில் போதை விடுவிப்புக்கு 14405 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. ஒரு மையத்தில் உங்கள் மகனையோ கணவரையோ சேர்க்குமுன் நாலு கேள்வி கேளுங்கள். மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறீர்களா? மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார்? இப்போது சாப்பிடும் மாத்திரைகளை யார் பார்த்து முடிவு செய்வார்? வீட்டுக்கு அனுப்பிய பிறகு எத்தனை மாதம் கூடவே இருப்பீர்கள்? நாலுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தில் நம்பிச் சேருங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடத்திலிருந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.