வீட்டுச் சாவி யார் கையில்?

விளக்கு, கதவு, மின்விசிறி, சங்கீதப் பெட்டி முதலிய சகலத்தையும் கைபேசியிலுள்ள ஒரு செயலியைக் கொண்டு ஆட்டிவைக்கும் காலம் வந்துவிட்டது. இதைக் கண்டிக்க நாம் முன்வரவில்லை. எழுந்து நடக்கமாட்டாத முதியவர் படுக்கையிலிருந்தபடியே விளக்கை அணைக்க முடிவது பெரிய சௌகரியமே. ஆனால் இச்செயலிகளை அமைப்போர் தங்கள் கவனம் முழுவதையும் வர்ணத்திலும் வடிவத்திலும் செலுத்திவிட்டு, முக்கியமான ஒரு கேள்வியை மறந்துவிடுகிறார்கள். வீட்டிலுள்ள பண்டத்திற்கு எஜமானன் யார்? விலை கொடுத்து வாங்கினவனா, விற்ற கம்பெனியா?

அமெரிக்காவில் சோனோஸ் என்னும் ஒலிபெருக்கிக் கம்பெனி செய்த காரியத்தைக் கவனியுங்கள். 2024-ம் வருஷம் மே மாதத்தில் அக்கம்பெனி தன் செயலியைப் புதுப்பித்தது. புதுப்பித்தது என்பது அவர்கள் சொல். காலையில் எழுப்பும் அலாரத்தை மாற்றியமைக்கும் வசதி, உறங்கும் வேளையில் பாட்டு தானே நிற்கும் வசதி முதலியவை பழைய செயலியில் இருந்தன, புதியதில் இல்லை. கண்பார்வையற்றோர் திரையிலுள்ளதைக் காதால் கேட்டு உபயோகிக்கும் முறையும் சீர்குலைந்தது. வாங்கினவர்கள் கூக்குரலிட்டார்கள். ஜூலையில் தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியினின்றும் விலகினார். பழைய செயலியையே திருப்பிக் கொடுக்கலாமா என்று கம்பெனி ஆலோசித்துப் பார்த்து, அது இயலாதென்று கைவிட்டது. இவ்வளவு ரகளையிலும் ஜனங்களின் வீட்டிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு திருகுகூடப் பழுதாகவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இதாவது பரவாயில்லை. வீட்டிலுள்ள பல சாதனங்களையும் ஒரே செயலியில் இணைக்கும் ரிவால்வ் என்னும் பெட்டி, ஆயுள்பரியந்தம் சேவை உண்டு என்ற வாக்குறுதியோடு 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதைச் செய்த கம்பெனியை 2014-ல் நெஸ்ட் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. 2016 மே 15-ந் தேதி, எங்கோ இருந்த சர்வரை நிறுத்திவிட்டது. அத்துடன் பெட்டியும் செயலியும் வெறும் ஜடமாயின. ஆயுள் என்றது யாருடைய ஆயுளையோ! வக்கீல் தொழிலில் விசித்திரமான பத்திரங்கள் பலவற்றைப் படித்திருக்கிறோம். கிரயம் பெற்றவன் வீட்டுக்குள் இருக்கும் பண்டத்தை, விற்றவன் தன் இடத்திலிருந்தே கொன்றுவிடலாம் என்ற கிரயத்தை மட்டும் கண்டதில்லை. செயலியைத் திறந்ததும் வரும் நீண்ட நிபந்தனைகளைப் படியாமலே, அடியில் 'சம்மதம்' என்ற இடத்தில் விரல் வைக்கிறோமே, இத்தகைய அதிகாரங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும் விஷயம் மற்றொன்று உண்டு. கைபேசி ஒருவருடையது, வீடு பலருடையது. மகன் தன் கைபேசியில் செயலியை அமைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டால், அந்தி வேளையில் விளக்கேற்றத் தாயார் அவனுக்கு டெலிபோன் செய்யவேண்டுமா? வீட்டார் அனைவரும் பங்குகொள்ளும்படி அமைப்பதும், அவர்கள் அறிந்த பாஷையில் எழுதுவதும், சுவரிலுள்ள ஸ்விச்சை எக்காரணம் கொண்டும் செயலற்றதாக்காமலிருப்பதும் அமைப்போரின் முதற்கடமை. அலங்காரம் அப்புறம். இண்டர்நெட் அறுந்தாலும், ஒரே கூரையின் கீழிருக்கும் கைபேசியும் சாதனமும் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளச் செய்வது சாத்தியமே. பல கம்பெனிகள் கூடி 2022-ல் வெளியிட்ட மேட்டர் என்னும் பொதுமுறை இதற்கு இடங்கொடுக்கிறது. மனமில்லாதவர்களே முடியாதென்பார்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமுலிலுள்ள சட்டம் ஒன்று, இச்சாதனங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே வெளியிடவேண்டும் என்று விதிக்கிறது. நல்ல ஆரம்பம். ஆயினும் காலத்தை வெளியிடச் சொல்கிறதே யன்றி, இத்தனை வருஷமாவது கொடுத்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. அத்தகைய கட்டாயம் வரும் வரையில், நம் நாட்டில் இவற்றை வாங்கப் போகிறவர்கள், விலையைக் கேட்பதற்கு முன்னால், இண்டர்நெட்டை நிறுத்திவிட்டு விளக்கை ஏற்றிக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்கட்டும்.