விசுவாசமும் செல்லாக் காசும்

ஆகாய விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர்களுக்கு ஒரு துக்கம் வந்திருக்கிறது. ‘இத்தனை வருஷம் இந்த ஒரு கம்பெனியின் விமானத்திலேயே பறந்தேனே, கடைசியில் என்னை இப்படிக் கைவிட்டார்களே!’ என்று புலம்புகிறார்கள். ஆசனம் உடைந்திருக்கிறது, சாப்பாடு சுருங்கிவிட்டது, இலவசமாக ஏற்றும் பெட்டியின் கனத்தைக் குறைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பறந்து பறந்து சேர்த்து வைத்த புள்ளிகளின் மதிப்புப் போய்விட்டது. ஆகவே இனிமேல் அந்தக் கம்பெனிக்கு விசுவாசமாக இருக்கப் போவதில்லையாம்.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு கேள்விதான் வருகிறது. ‘விசுவாசம்’ என்ற சொல் இந்த வியாபாரத்துக்குள் எப்படி நுழைந்தது? யார் அதை நுழைத்தார்கள்? எதற்காக?

கள்ளக்குறிச்சிக்காரனுக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். எங்கள் ஜில்லாவில் விமான நிலையம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் கொடுக்கல் வாங்கலைப் பற்றி எங்களுக்குத் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சாமையும் இறங்கிவந்து விற்கிற ஊர் இது. தராசின் எந்தத் தட்டு ஏறுகிறது, எந்தத் தட்டு இறங்குகிறது என்று பார்க்க விமானம் ஏறிப் போகவேண்டியதில்லை.

எங்கள் சந்தையில் கொசுறு என்று ஒன்று உண்டு. காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெற்றிலை வாங்கினால் கூட இரண்டு. அது கடைக்காரரின் மனசு. கொடுத்தால் சந்தோஷம், கொடுக்காவிட்டால் வழக்கில்லை. முக்கியமான விஷயம், அது அப்போதே நம் பைக்குள் விழுந்துவிடும். ‘பத்துத் தடவை வாங்குங்கள், பதினோராம் தடவை பார்க்கலாம்’ என்று எந்தக் கிழவியும் சொன்னதில்லை. போன மாதம் கொடுத்த கறிவேப்பிலையை, ‘இன்றுமுதல் அது அரைக் கொத்துதான்’ என்று திருப்பிக் கேட்டதுமில்லை.

விமானக் கம்பெனிகள் கண்டுபிடித்த புள்ளி வேறு சமாசாரம். அமெரிக்காவில் 1978இல் விமானப் போக்குவரத்தின் மேலிருந்த சர்க்கார் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. போட்டி பெருகிற்று. பிரயாணியைப் பிடித்து வைத்துக்கொள்ள வழி தேட வேண்டியிருந்தது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் தூரத்துக்குக் கணக்கு வைத்து இலவசப் பிரயாணம் தரும் திட்டத்தை ஆரம்பித்தது. மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் நடந்தன. அப்புறம் அந்தப் புள்ளிகளை வங்கிகளுக்கு மொத்தமாக விற்கத் தொடங்கினார்கள். வங்கிகள் அவற்றைக் கடன் அட்டைக்காரர்களுக்கு வாரிக் கொடுத்தன. மளிகை வாங்கினாலும் புள்ளி, மருந்து வாங்கினாலும் புள்ளி என்றாயிற்று. இந்த வியாபாரம் எவ்வளவு பெரியது தெரியுமா? 2020இல் தொற்றுநோய் வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் டெல்டா கம்பெனி தன் புள்ளித் திட்டத்தைப் பிணையாக வைத்து 900 கோடி டாலர் திரட்டிற்று!

எண்ணூறு கோடியும் தொள்ளாயிரம் கோடியும் பெறுமானமுள்ள பொருளைக் கொசுறு என்று எவனாவது சொல்வானா? ஆனால் சொல்லுகிறார்கள். என் சண்டையே இங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டை விற்கும்போது, ‘இந்தப் புள்ளிகள் உங்களுடையவை, நீங்கள் சம்பாதித்தவை’ என்பார்கள். அவற்றின் மதிப்பைக் குறைக்கும்போது, ‘இது நாங்கள் பிரியப்பட்டுக் கொடுக்கும் சலுகை, எப்போது வேண்டுமானாலும் மாற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு, விதிகளைப் படித்துப் பாருங்கள்’ என்பார்கள். விற்கும்போது சொத்து, குறைக்கும்போது கொசுறு. ஒரே பொருளுக்கு இரண்டு தராசு!

நம் நாட்டுக் கதையைப் பார்ப்போம். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றுபோயிற்று. அதை நம்பிச் சேர்த்த புள்ளிகளும் அதோடு போயின. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி கடைசியாகப் பறந்தது. அங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. புள்ளித் திட்டத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து வைத்திருந்ததால் அது பிழைத்துக்கொண்டது. பெயரை மாற்றிக்கொண்டு கடையைத் தொடர்ந்து நடத்திற்று. விமானத்தை ஓட்டியவர்களும் பெட்டி சுமந்தவர்களும் சம்பளப் பாக்கிக்காக நீதிமன்றப் படிகளில் நின்றார்கள். விமானம் செத்தது, வேலை செத்தது, புள்ளி மட்டும் சாகவில்லை. விசுவாசம் என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை உள்ளவர்கள் யார் என்று அன்றைக்காவது யாராவது கேட்டார்களா?

அடுத்தது விஸ்தாரா. டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய கம்பெனி. 2015 ஜனவரியில் பறக்கத் தொடங்கிற்று. நல்ல ஆசனம், நல்ல சாப்பாடு, இனிய உபசாரம் என்று நடுத்தர வர்க்கத்துப் பிரயாணிகள் கொண்டாடினார்கள். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் சர்க்காரிடமிருந்து டாட்டாவிடம் திரும்பிற்று. 2024 நவம்பர் 12இல் விஸ்தாரா ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. விஸ்தாராவின் புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்றாக ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அது நியாயமான காரியம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை மாறாமல் இருந்தால் போதுமா? அந்த எண்ணைக் கொண்டு வாங்கக்கூடிய பண்டம் மாறிவிட்டதே! பழைய விஸ்தாரா விமானங்களின் எண்கள் 2 என்று தொடங்கும்படி மாற்றப்பட்டன. விஷயம் தெரிந்தவர்கள் அந்த இரண்டைத் தேடித் தேடி டிக்கெட் எடுத்தார்கள். பழைய கடையின் சரக்கு புதுக் கடையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வாடிக்கைக்காரன் தேடுவது போல!

அதே 2024 ஏப்ரலில் ஏர் இந்தியா தன் புள்ளிக் கணக்கையே மாற்றியிருந்தது. முன்பு பறந்த தூரம் கணக்கு. பிறகு செலவழித்த ரூபாய் கணக்கு. முன்கூட்டியே யோசித்து, மலிவான டிக்கெட் எடுத்து, வருஷம் முழுவதும் அலைகிற சிறு வியாபாரிக்குப் புள்ளி குறையும். ஆபீஸ் பணத்தில் கடைசி நிமிஷத்தில் விலை உயர்ந்த டிக்கெட் எடுக்கிறவருக்குப் புள்ளி கூடும். மே மாதம் உள்நாட்டுப் பிரயாணத்தின் மலிவு டிக்கெட்டுக்கு இலவசப் பெட்டியின் கனம் 15 கிலோ ஆயிற்று. சர்க்கார் நடத்தியபோது 25 கிலோவாக இருந்தது அது. இணைப்புக்குப் பிறகு புள்ளித் திட்டத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘மகாராஜா கிளப்’! 1946இலிருந்து அந்த மகாராஜா பிரயாணியைப் பார்த்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருக்கிறார். வணக்கம் மாறவில்லை, விதிகள்தாம் மாறுகின்றன. விதியை எழுதுகிறவரும் மகாராஜா, திருத்துகிறவரும் மகாராஜா. பிரஜைகள் விசுவாசமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

‘இது பணக்காரர்களின் சிணுங்கல் ஐயா! மலைக் கிராமத்துக்குப் பஸ் வராத ஊரில் விமானப் புள்ளிக்காக அழுவதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய்வருகிறவனும் விமானத்தில்தான் பறக்கிறான். 2024 ஆகஸ்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஐக்கிய அரபு நாடுகளிலிருந்து வருகிறவர்களின் இலவச மூட்டையை 30 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைத்தது. அடுத்த வருஷ ஆரம்பத்தில் பழைய 30 கிலோ திரும்பி வந்தது. நடுவில் ஊருக்குத் திரும்பியவனுக்கு அந்தப் பத்துக் கிலோ என்ன? பிள்ளைக்கு ஒரு பொம்மை, பெண்டாட்டிக்கு ஒரு புடவை, தாயாருக்கு ஒரு கம்பளி. புள்ளி சேர்க்கிறவரின் வாய்க்கு ஒரு பத்திரிகையாவது இடம் கொடுக்கும்; இவன் மூட்டையைப் பிரித்துப் பாதியை எடுத்துப் போட்டுவிட்டு வரிசையில் நின்றிருப்பான்.

இரண்டாவது பதில் இன்னும் பெரியது. தானே அச்சடித்து, தானே விலை வைத்து, தானே குறைக்கிற நாணயத்தை ஒரு கம்பெனி நடத்தலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு மளிகைக் கடையும் மருந்துக் கடையும் டெலிபோன் கம்பெனியும் அதையே செய்யும். இப்போதே செய்கின்றன. பணக்காரன் வீட்டு மாடியில் பிடித்த நெருப்பு என்று கைகட்டி நிற்பவன், நடுவில் இருப்பது கூரை வீடு என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் ஜில்லாவில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. கரும்புக்காரனுக்கும் ஆலைக்கும் உள்ள பந்தம் என்ன என்று பாருங்கள். இன்ன கிராமத்துக் கரும்பு இன்ன ஆலைக்கு என்று எல்லை வகுத்திருந்தார்கள்; அதை யாரும் விசுவாசம் என்று அழைக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தத்துக்குப் பதிலாகச் சட்டம் ஓர் உரிமையும் தந்தது. 1966ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி தரவேண்டும் என்று விதித்தது. வட்டி ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு வழக்கு. உரிமை என்று காகிதத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விவசாயி சண்டை போட முடிந்தது. ‘பாக்கியைக் கொசுறு என்று மாற்றிவிட்டோம்’ என்று எந்த ஆலையும் சொல்ல முடியவில்லை.

விமானப் புள்ளியும் பாக்கிதான். நான் சொல்லவில்லை, கம்பெனிகளின் கணக்குப் புத்தகமே சொல்லுகிறது. டிக்கெட் விலையில் ஒரு பங்கைப் புள்ளிக்கென்று ஒதுக்கி, பிரயாணிக்கு இன்னும் செலுத்தவேண்டிய கடமையாகப் பொறுப்புப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது கணக்கு விதி. தணிக்கைக்காரரிடம் கடன் என்று எழுதிக் காட்டுவதைப் பிரயாணியிடம் மட்டும் கருணை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மலைமேலும் ஒரு பழைய கதை உண்டு. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். மலைஜனங்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்கவேண்டியிருந்தது. 1976இல் சர்க்கார் அந்த ஜாகீர்களை ஒழித்தது. அந்தக் கொடுமையையும் விமானப் பிரயாணியின் சங்கடத்தையும் ஒரே தட்டில் வைப்பது பாவம்; நான் வைக்கவில்லை. ஒன்றுதான் சொல்லுகிறேன். அதிகாரம் உள்ளவன், இல்லாதவனைப் பார்த்து ‘விசுவாசம்’ என்ற சொல்லைப் பிரயோகித்தால், அந்த இடத்தில் ஓர் உரிமை காணாமற் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகலாமே? எங்கே போவது? உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் இண்டிகோவிலோ ஏர் இந்தியாக் குடும்பத்திலோதான் பறக்கிறார்கள். 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிகளுக்குத் தக்கபடி ஆள் ஏற்பாடு செய்யாததால், இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் போகிறவர்களும் சாவுக்குப் போகிறவர்களும் நிலையங்களில் தரையில் படுத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் வேறு விமானம் எடுக்க வழி இருந்தது?

எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் சேலம், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே கிங்ஃபிஷர் வந்தது, போயிற்று. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, 2021இல் போயிற்று. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வந்தது. லாபம் இருந்தால் வருவார்கள், இல்லாவிட்டால் போவார்கள். அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஊரிடம் விசுவாசம் வைக்காத கம்பெனி, ஊராரிடம் மட்டும் விசுவாசம் கேட்பானேன்?

ஆகவே அடிக்கடி பறக்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். காதலில் ஏமாந்தவர்களைப் போலக் கண்ணீர் விடாதீர்கள். இன்னொரு கம்பெனியின் அட்டையை வாங்கி அங்கே போய் விசுவாசத்தை அடகு வைக்காதீர்கள். கடன் கொடுத்தவனைப் போல நிமிர்ந்து நின்று கணக்குக் கேளுங்கள். ஏற்கெனவே சேர்த்த புள்ளிக்கு, சேர்த்த நாளில் இருந்த மதிப்பு கிடைக்கவேண்டும். புதிய விதி புதிய புள்ளிக்கு மட்டுமே செல்லவேண்டும். மாற்றத்தை ஒரு வருஷம் முன்னால் அறிவிக்கவேண்டும். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது. ஒரு பக்கத்தார் மட்டும் இஷ்டம்போல் திருத்தக்கூடிய விதிப்புத்தகம் அந்த வரையறைக்குள் வருமா வராதா என்று வழக்காடிப் பார்க்கலாமே!

கேட்டால் நடக்குமா என்கிறீர்களா? டெல்டா 2023 செப்டம்பரில் தன் திட்டத்தைக் கடுமையாக இறுக்கிற்று. பிரயாணிகள் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். சில வாரங்களில் இறுக்கியதில் ஒரு பகுதியைத் தளர்த்தினார்கள். தனித்தனியாக மனம் கசந்து போனவர்களால் அது நடக்கவில்லை. சேர்ந்து நின்று கேட்டவர்களால் நடந்தது.

விசுவாசத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பெற்றவர்களுக்கும் கட்டியவளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அது தேவைப்படும். விமானம் ஏறும்போது கையில் டிக்கெட்டும், வாங்கிய பாக்கியின் கணக்கும் இருந்தால் போதும்.