பேய் எதுக்கு? தோட்டாவைக் குறைங்க, போதும்!

"காசு குடுத்து யாராவது பயப்படுவாங்களா?" திகில் கேம் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் பேயிடம் இல்லை, கணக்கு நோட்டில் இருக்கிறது!

மோகனூர் பக்கம் ராத்திரியில் கரும்புக்குத் தண்ணி கட்டப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. ரெண்டடி தாண்டி எதுவும் தெரியாது. சோகை சரசரக்கிறது. பாம்பா, பன்றியா, வெறும் காற்றா? கையில் இருக்கும் டார்ச்சில் பேட்டரி தீரப்போகிறது. இதில் பேய் எங்கேயும் இல்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கும். எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாதது பாதி பயம், கையிருப்பு குறைவது மீதி பயம். 'சர்வைவல் ஹாரர்' கேம்கள் நிற்பதே இந்த இரண்டின் மேல்தான்.

1996-ல் ஜப்பானின் கேப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்'தான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. அதில் கிறிஸ்ஸாக ஆடினால் பையில் 6 பொருள்தான் வைக்கலாம், ஜில் என்றால் 8. துப்பாக்கிக்கு ஒரு இடம், தோட்டாவுக்கு ஒரு இடம், மூலிகைக்கு ஒரு இடம், சாவிக்கு ஒரு இடம்... அவ்வளவுதான், பை நிரம்பிவிடும். ஆட்டத்தை சேவ் பண்ணக்கூட டைப்ரைட்டருக்கு இங்க் ரிப்பன் வேண்டும். அதுவும் எண்ணித்தான் கிடைக்கும். வழியில் ஒரு ஜாம்பி நிற்கிறது. சுடுவதா, ஒதுங்கி ஓடுவதா? இங்கே செலவழித்தால் அடுத்த அறைக்கு என்ன மிச்சம்? பி.காம். வகுப்பில் 'ஆப்பர்சூனிட்டி காஸ்ட்' என்று சொல்லித் தருகிறார்களே, அதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் புரிய வைக்காது.

தெரியாத பயத்துக்கு உதாரணம், 1999-ல் கொனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில்'. பழைய பிளேஸ்டேஷனால் தூரத்துக் காட்சிகளை எல்லாம் வரைந்து காட்ட முடியாது. அதை மறைக்க ஊரையே மூடுபனியால் மூடினார்கள். குறையே பலமாகிவிட்டது! கூடவே ஒரு ரேடியோ. பூதம் நெருங்கினால் அது கரகரக்கும். ஏதோ வருகிறது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது.

இதைச் சினிமா ஏன் தர முடியாது? 'சந்திரமுகி'யில் (2005) பூட்டிய அறையைக் கங்கா திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாலும் படம் ஓடிவிடும். கேமில் கண்ணை மூடினால் கதவு மூடியே இருக்கும். ஆடுகிறவரே பட்டனை அழுத்தித் திறந்தாக வேண்டும்.

சரி, இதில் சந்தோஷம் எங்கே? இரண்டே தோட்டாவோடு நடையைத் தாண்டி, டைப்ரைட்டர் அறைக்குள் நுழைந்து, அந்த இதமான இசை கேட்கும் நொடியில்! மாசக் கடைசியைப் பத்து ரூபாயில் ஓட்டி முடித்தவனுக்கு வருகிற நிம்மதி அது. பயம் முதலீடு, நிம்மதி லாபம். முதலீடே இல்லாமல் லாபம் வருமா?

சிலர், நல்ல கிராபிக்ஸும் ரத்தமும் இருந்தாலே பயம் வந்துவிடும் என்பார்கள். 2012-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 6' பார்க்கப் பிரமாண்டம். ஒரு கோடி பிரதிக்கு மேல் விற்றும் இருக்கிறது. ஆனால் இது ஆக்‌ஷன் படம் மாதிரி இருக்கிறதே, பயமே இல்லையே என்று பழைய ரசிகர்கள் பலர் புலம்பினார்கள். 2017-ல் வந்த ஏழாம் பாகம் பழையபடி ஒரு வீட்டுக்குள் திரும்பியது. பயமும் திரும்பியது.

அதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டாலும் சரிப்படாது. 2010-ல் வந்த 'அம்னீசியா' ஆயுதமே தரவில்லை. ஆனால் ஓடவும் ஒளியவும் வழி விட்டது, விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெயும் தந்தது. எந்த வழியும் இல்லையென்றால் பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். 'தப்பிக்கலாம், ஆனால் நிச்சயமில்லை' என்ற இடத்தில்தான் இந்த விளையாட்டு உயிரோடு இருக்கிறது.

அதனால்தான் தீராத தோட்டாவுக்கு சீட் கோட் போட்டு ஆடிவிட்டு 'இதுல என்னப்பா பயம்?' என்று கேட்பவரிடம் ஒன்றும் சொல்வதற்கில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டார், பாவம்! அடுத்த முறை சீட் கோட் இல்லாமல், யூட்யூபில் வழி பார்க்காமல், லைட்டை அணைத்துவிட்டு ஆடிப் பார்க்கட்டும். பிறகு பேசலாம்.